கோத்தகிரிச் சந்திப்புக்குப் பழைய நாற்காலியை எடுத்துச் செல்லுங்கள்

கொடைக்கானலுக்கு அருகிலுள்ள பெருமாள்மலையில் சிறிய பட்டறை வைத்துச் சில்வர் ஓக் மரத்தில் நாற்காலியும் மேசையும் செய்துவருகிறீர்கள். கோத்தகிரிக்கு அருகில் மரச்சாமான் செய்வோரும் பிற கைவினைஞர்களும் கூடும் இரண்டு நாள் சந்திப்புக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வேலையையும் போக்குவரத்துச் செலவையும் இழந்து அங்கே போவதால் பயன் உண்டா, போனால் எதைக் காட்டுவது, பரம்பரையாகத் தொழில் செய்யும் ஆசாரிகள் முன்னால் பயிற்சி நிலையத்தில் கற்றுவந்த ஒருவர் வாய் திறக்க முடியுமா, நம் வடிவங்களை வேறு யாரேனும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் நெடுங்காலமாக மரவேலை செய்துவருபவன் என்ற முறையிலும், மலையிலும் சமவெளியிலும் இத்தகைய கூடல்கள் பலவற்றில் இருந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அவசியம் போங்கள். விற்பனைக்காகப் போகவேண்டாம்; விற்பனைக்குக் கோவையிலும் சென்னையிலும் கண்காட்சிகள் இருக்கின்றன, இயந்திரங்களைப் பார்க்கவேண்டுமென்றால் பெங்களூரில் நடக்கும் இந்தியாவுட் கண்காட்சி இருக்கிறது. கோத்தகிரியில் கூடுவது போன்ற சிறிய சந்திப்புகளில்தான் பொருளும் அதைச் செய்தவரும் ஒரே இடத்தில், அவசரமில்லாமல், மற்றத் தொழிலாளிகளின் கண்முன் இருக்கிறார்கள். அந்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்த வேண்டுமானால், நேற்று மெருகேற்றி முடித்த புதிய நாற்காலியைக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் முதலாம் ஆண்டில் செய்து யாரோ ஒருவர் வீட்டில் இன்றும் புழங்கிக்கொண்டிருக்கும் நாற்காலியை, அந்த வீட்டாரிடம் நான்கு நாள் இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வீட்டாருக்கு அதற்குப் பதிலாக உட்கார வேறொன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம், மலையில் மரச்சாமானைச் சோதிப்பது காற்றிலுள்ள ஈரம். மரம் அறுத்து உலர்ந்த பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீத நீரோடு நிலைகொள்ளும். 80 சதவீதமானால் 16 சதவீதத்துக்கு ஏறும். வாரக்கணக்கில் மூடுபனி இறங்கி 90 சதவீதத்தைத் தொட்டால் 20 சதவீதம் வரை போகும். 90 செ.மீ. அகலமுள்ள மேசைப் பலகை ஒன்று 16 சதவீத ஈரத்தில் இணைக்கப்பட்டு, பிறகு கோவையில் மார்ச் மாத வெயில் காயும் வீட்டுக்குப் போய் 9 சதவீதத்துக்கு இறங்கினால், சாதாரணமாக அறுத்த பலகையாக இருக்கும் பட்சத்தில் குறுக்குவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறுகிவிடும். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில், அதாவது ஆண்டு வளையங்களை நேர்க்குறுக்காக வெட்டும்படி அறுத்த பலகையானால் ஏறத்தாழ அதில் பாதிதான் குறுகும். நீளவாட்டில் மாற்றம் மிகச் சொற்பம். இந்த ஒரு சென்டிமீட்டருக்கு இடம் விட்டவரின் மேசை நிற்கும். மேற்பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் பசை போட்டு ஒட்டியவரின் மேசை, முதல் கோடையிலேயே நடுவில் விரிசல் விடும். இந்த வேறுபாடு புதிய மேசையில் கண்ணுக்குத் தெரியாது. நான்கு பருவங்களைக் கடந்த மேசை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அதிலும் நீலகிரி ஒரே காற்று வீசும் மலை அன்று. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் நேர் முகத்தில் இருக்கின்றன. ஜூன் தொடங்கி அங்கே மரம் வீங்கும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர், நவம்பரில் எங்கள் அலமாரிக் கதவுகள் இறுகும். உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் நாட்களில் பகல் காற்று வறண்டுபோய், அதே கதவு தளர்ந்து ஆடும். ஆகவே கூடலூர்க்காரர் ஜூலையில் பொருத்திய இழுப்பறையும் கோத்தகிரிக்காரர் ஜூலையில் பொருத்திய இழுப்பறையும் ஒரே அளவு இடைவெளியோடு செய்யப்பட்டிருக்க முடியாது. உங்கள் பழனி மலையிலும் மேல்மலைக்கும் தாண்டிக்குடிப் பக்கத்துக் கீழ்மலைக்கும் இதே வேறுபாடு உண்டு. இந்த அனுபவத்தைப் பயிற்சி நிலையத்தில் யாரும் கற்றுத்தர முடியாது. ஒவ்வோர் ஊர்க்காரரும் தம் ஊர்க் காற்றைக் கொண்டு தாமே கற்றதை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் மலைக்கு எது பொருந்தும் என்பது தெரியும். அப்படி அடுக்கிப் பார்ப்பதற்குரிய இடம் இந்தச் சந்திப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கூடலில், மேசைகள்மீது அழகாகப் பரப்பி வைத்திருந்த பொருட்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்த மூத்த ஆசாரி ஒருவர், ஓர் இளைஞரின் நாற்காலி முன் நின்று, "தம்பி, இதைக் கொஞ்சம் கவுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அதைத் தலைகீழாக்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தில், சட்டத்தின் கழுந்து காலின் துளைக்குள் இறங்கும் விளிம்பில், தம் சட்டைப் பையிலிருந்த பேருந்துச் சீட்டை எடுத்து நுழைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நுழையவில்லை. மறுபக்கம் பாதிச் சீட்டு உள்ளே போயிற்று. பிறகு கட்டைவிரல் நகத்தால் சட்டத்தின் அடிப்பக்கத்தைக் கீறிக் காட்டி, அந்தத் துண்டில் வைரத்தோடு (நடுமரம்) வெளிறும் (பட்டையை ஒட்டிய இளமரம்) சேர்ந்து வந்திருப்பதையும், வெளிறு இருந்த பக்கம்தான் உலர்ந்து பின்வாங்கியிருப்பதையும் சொன்னார். அவர் குறை சொல்லும் தொனியில் பேசவில்லை. அந்த இளைஞர் கேட்டுக்கொண்டார். சுற்றி நின்ற நாங்களும் கேட்டுக்கொண்டோம். அந்த நாற்காலி அதற்குள் ஒரு வீட்டில் இரண்டு மழைக்காலம் இருந்துவிட்டு வந்ததால்தான் அந்தப் பாடம் கிடைத்தது.

பழைய பொருளின் சாட்சியம் எவ்வளவு வலிமையானது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. பின்னாளில் உலகம் அறிந்த மரவேலைக் கலைஞராக விளங்கிய ஜார்ஜ் நகாஷிமா, 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணியை மேற்பார்த்தபோது, அங்கே தங்குவோருக்கான மரச்சாமான்களையும் தேக்கில் வடிவமைத்தார். கடற்காற்றும் புழுக்கமும் சூழ்ந்த அந்தக் கட்டடத்தில் அவை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கிவருகின்றன. அவருடைய பெயரைவிட, அந்தப் பொருட்கள் இன்னும் நிற்பதுதான் நமக்குப் பாடம். கோத்தகிரியிலிருந்து திரும்பும்போது அரைநாள் மிச்சமிருந்தால், உதகையில் 1829இல் கட்டத் தொடங்கி 1831இல் திறக்கப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் சென்று அதன் கூரை மரங்களைத் தலை நிமிர்த்திப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட மரங்கள் அவை. ஆற்றங்கரைச் சமவெளியில் ஒரு வாழ்நாளை முடித்துவிட்டு, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்துக் குளிரில் இரண்டு நூற்றாண்டை நெருங்கி நிற்கின்றன.

அடுத்து, அங்கே என்ன பேசுவது என்பது. உங்கள் மரத்தைப் பற்றியே கேளுங்கள். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தேயிலைக்கும் காப்பிக்கும் நிழல் மரமான கதை உங்களுக்குத் தெரியும். இங்கே அது பெரும்பாலும் பிளைவுட்டுக்கும் பெட்டிகளுக்கும் விறகுக்கும் போகிறது. ஆனால் நடுவிலிருந்து பட்டைநோக்கி அறுத்தால் அதன் முகத்தில் மினுக்கும் செதில்களைப் போன்ற ரேகை எழும். ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்து வீடுகளின் மேசை, அலமாரிகளுக்கு இந்த மரத்தை விரும்பி எடுத்தது அதற்காகத்தான். நம் அறுவை மில்களில் கழிவு குறையவேண்டும் என்பதற்காகக் கட்டையை ஒரே திசையில் வரிசையாக அறுத்துத் தள்ளுவதால், அந்த ரேகை நடுவிலுள்ள இரண்டு மூன்று பலகைகளில் மட்டும் தெரிகிறது. மில்காரரிடம் எப்படிக் கேட்டு, எவ்வளவு கூடுதல் கூலி கொடுத்து அறுத்து வாங்குகிறார்கள் என்பதைக் குன்னூர், கோத்தகிரிப் பட்டறைக்காரர்களிடம் கேளுங்கள். நிழலைக் கட்டுப்படுத்த எஸ்டேட்டில் ஆண்டுதோறும் கிளை கழிப்பதால் பலகையில் கணு நிறைய வரும். அந்தக் கணுவை ஒதுக்கி வெட்டுகிறார்களா, வைத்துக்கொண்டே வேலை செய்கிறார்களா என்பதிலும் ஆளுக்கொரு கருத்து இருக்கும். இந்த மரத்தின் பாலும் தூளும் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும் என்பதையும் அங்கே எழுப்புங்கள். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் தேய்ப்புத்தாள் வேலை செய்யும் உதவியாளர்கள் இந்த மலைகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; இதைப் பேசாமல் மரத்தின் அழகைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் யூகலிப்டஸ் வேறு வகை. 1843 முதல் நீலகிரியில் வளர்ந்துவரும் இந்த மரம் முறுக்கிக்கொண்டு வளரும். அறுக்கும்போதே பலகை வளையும். உலரும்போது உட்புறம் ஒடுங்கிச் சுருங்கும். அதில் நல்ல நாற்காலி செய்தவர் சந்திப்புக்கு வந்திருந்தால் அவரை எளிதில் விட்டுவிடாதீர்கள். எந்த வயது மரம், வெட்டி எவ்வளவு காலம் நிழலில் அடுக்கி வைத்தார், முனைகளுக்கு மெழுகு பூசினாரா என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சீகை மரம் என்று நாம் சொல்லும் வாட்டிலின் பட்டையைத் தோல் பதனிடுவதற்காக உரித்தார்கள். மரத்தைப் பற்றிப் பெரிதாக யாரும் யோசிக்கவில்லை. அதன் உறவான பிளாக்வுட் மரமும் நீலகிரியில் வளர்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் முதல்தரச் சாமான்கள் அதில்தான் செய்யப்படுகின்றன. நம் மலையில் அது விறகாகிப்போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்த இடத்தில்தான் தனியாள் எவராலும் செய்ய முடியாத ஒன்றைக் கூடல் செய்ய முடியும். சோலைகளையும் புல்வெளிகளையும் மீட்பதற்காக அயல் மரங்களை அகற்றும் பணி நீலகிரி, பழனி ஆகிய இரண்டு மலைகளிலும் நீதிமன்ற உத்தரவுகளின்படியும், 2022இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையின்படியும் நடக்கிறது. அகற்றும் மரத்தில் பெரும்பங்கு காகிதக் கூழாகிறது. அகற்றுவது சரியே, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் குவியல்களில் நேரான, பருத்த கட்டைகளில் சிறு பங்கையாவது தனியே பிரித்து உள்ளூர்ப் பட்டறைகளுக்கு ஏலத்தில் தரவேண்டும் என்று கேட்க, முப்பது நாற்பது பட்டறைகளின் கையெழுத்து வேண்டும். ஒருவர் போய்க் கேட்டால் அலுவலகத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதேபோல, அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்ற கணக்கில் காற்றில் உலர்த்தக் காத்திருக்க நம்மில் பலருக்கு முதலும் இல்லை, இடமும் இல்லை. நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து, வெயிலின் சூட்டில் காற்றைச் சுழலவிட்டு உலர்த்தும் கண்ணாடிக் கூரைக் கொட்டகை ஒன்றைப் பொதுவாகப் போட்டுக்கொண்டால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உலர்த்தலையும் உளுப்பு தடுக்கும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலையும் பற்றிய தெளிவான வழிகாட்டுதல் கிடைக்கும். கட்டை ஏலம், பொது உலர்த்தும் கொட்டகை ஆகிய இரண்டையும் முதல் நாள் மாலையிலேயே பேச்சுக்கு எடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் பிற்பகலுக்குள் பாதிப்பேர் பேருந்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சந்திப்புக்கு மரவேலைக்காரர்கள் மட்டும் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது மிக நல்லது. நம்மில் பலர் மற்றக் கைவினைஞர்களின் பக்கம் போய் இரண்டு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதை மாற்றிக்கொள்ள வேண்டும். நீலகிரியில் தச்சும் கொல்லும் கோத்தர்களின் தொழில்கள். ஏழு ஊர்களில் வாழும் அந்தச் சிறிய சமூகம்தான் தோடர், படகர், குறும்பர் ஆகியோருக்கு இரும்புக் கருவிகளையும் மரப்பொருட்களையும் மட்பாண்டங்களையும் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொடுத்தது. கோத்தகிரியில் நடக்கும் மரவேலைச் சந்திப்பில் அவர்களுக்கு ஒரு மூலையில் விரிப்பு போட்டுவிட்டு மற்றவர்கள் மேடையில் பேசுவது முறையாகாது. ஏற்பாட்டாளர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லலாம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். தோடர்களின் பழைய குடில் ஒன்றை அருகிலிருந்து பார்க்க வாய்த்தால் மூங்கிலும் பிரம்பும் வளைந்து முழுக் கூரையையும் தாங்கும் விதத்தைக் கவனியுங்கள். தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி பலருக்கும் தெரியும். அவர்கள் வளைத்துக் கட்டும் கலை மரச்சாமான் செய்யும் நமக்கு இன்னும் நெருக்கமானது.

கூடலூர்ப் பக்கத்திலிருந்து பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகங்களைச் சேர்ந்த உண்ணிச்செடி (லான்டானா) கலைஞர்கள் வந்தால் அவர்களோடு அதிக நேரம் இருங்கள். காட்டை மூடிக்கொண்டு பரவும் உண்ணிச்செடியின் தண்டுகளை வெட்டி, நீரில் வேகவைத்து, பட்டையை உரித்து, சூடும் ஈரமும் இருக்கும்போதே வளைத்துச் சட்டத்தில் பின்னுகிறார்கள். அவர்கள் செய்த, உண்மை யானையின் அளவுள்ள யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களிலும் பின்னர் அமெரிக்க நகரங்களிலும் நின்றன. நாற்காலியும் அலமாரியும்கூட இந்தத் தண்டில் செய்யலாம். வேகவைத்து உரித்த தண்டைப் பூச்சி எளிதில் தொடுவதில்லை. நான் அவர்களிடம் கற்றுக்கொள்ள விரும்புவது, வளைவைப் பிடித்துவைக்கும் நேரத்தை அவர்கள் எப்படி அறிகிறார்கள் என்பது. கடிகாரம் பார்த்து யாரும் செய்வதில்லை. தண்டை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அழுத்தும்போது எதிர்ப்பு குறையும் அந்த நொடியை உணர்ந்து செய்கிறார்கள். சில்வர் ஓக்கில் முதுகுச் சட்டத்தை ஆவியில் வளைக்க முயலும் உங்களுக்கு அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்கமாட்டார். கற்றுக்கொண்டால் அதற்குரிய கூலியைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலையை விட்டு வந்திருப்பவர் அவரும்தான்.

மூத்த ஆசாரிகளிடம் பேசுவதற்கு நீங்கள் தயங்கவேண்டியதில்லை. "ஐயா" என்று அழைத்து, அவர் உளியை வைத்துவிட்டு நிமிரும் வரை காத்திருந்து, உங்கள் பொருளை அவர் கையில் கொடுங்கள். பயிற்சி நிலையத்தில் படித்தேன் என்பதையும் மறைக்கவேண்டாம். பொதுவாக "மரவேலை எப்படிக் கற்கலாம்" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்த இழைப்புளியில் இழைக்கும்போது கணுவுக்குப் பக்கத்தில் மரம் பெயர்ந்து வருகிறது, வாயை எவ்வளவு குறுக்குவது?" என்று கேட்டால் அவர் உங்கள் இழைப்புளியை வாங்கி, அலகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சீவலைக் கையில் எடுத்துக் கொடுப்பார். ஆகவே உங்கள் இழைப்புளி, மூலைமட்டம், நீங்கள் தீட்டிய உளி ஒன்று ஆகியவற்றையும் பையில் வையுங்கள். உங்களிடம் மரத்தின் ஈரத்தை அளக்கும் மாய்ஸ்ச்சர் மீட்டர் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்; அங்கே பலரிடம் அது இருக்காது, எல்லோரும் தங்கள் பலகையை அளந்து தரச் சொல்லி உங்களைத் தேடி வருவார்கள், பேச்சும் தானாகவே தொடங்கும். விலையைப் பற்றிக் கேட்பதானால் இரவு உணவுக்குப் பிறகு கேளுங்கள். கன அடி விலையையும் கூலியையும் பகலில் எல்லோர் முன்னும் யாரும் உண்மையாகச் சொல்லமாட்டார்கள்.

உங்கள் வடிவங்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்துக்கு இரண்டு பதில்கள். இணைப்பு முறையும் வளைக்கும் முறையும் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொள்ளவேண்டியவை. அவற்றை மறைப்பதில் யாருக்கும் பயனில்லை. உங்களுக்கே உரிய புறத்தோற்றம் ஒன்று இருந்து, அதை நிறைய எண்ணிக்கையில் செய்து விற்கும் எண்ணமும் இருந்தால், 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம்; பத்தாண்டு பாதுகாப்பும், புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டும் கிடைக்கும். பொதுவெளியில் காட்டிவிட்ட வடிவம் புதியது என்ற தகுதியை இழக்கும் என்பதால் விண்ணப்பத்தைச் சந்திப்புக்கு முன்பே போடவேண்டும். அந்த அளவுக்குப் போகாத வடிவமானால் கவலையின்றிக் காட்டுங்கள். நீங்களும் மற்றவர் பொருளைப் படமெடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்திப்பில் யாராவது "பழைய பங்களா மரம், பில் கிடையாது" என்று குறைந்த விலைக்கு ஈட்டிப் பலகை தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஈட்டியின் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நாடெங்கும் காடுகளில் மரம் வெட்டுவதை நெறிப்படுத்திய கோதவர்மன் வழக்கு தொடங்கியதே கூடலூர்ப் பகுதிக் காடுகளை முன்வைத்துத்தான். எந்த மரமானாலும் பலகையாக வண்டியில் ஏற்றுமுன், அந்த இனத்தைக் கொண்டுசெல்ல வனத்துறையின் வழிச்சீட்டு தேவையா என்று உங்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, வாங்கிய பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைவினைஞர் அடையாள அட்டை, கடன் திட்டம் என்று துறை அலுவலர்கள் வந்திருந்தால் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் இருக்கின்றன, மரவேலையும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், உச்சமாக 50,000 ரூபாய் மானியமும் கிடைக்கும். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால் உங்களைப் போன்றவர்களுக்கும் வழி இருக்கிறது.

பயணத்துக்கு வருவோம். பழனி, உடுமலை, கோவை வழியாக மேட்டுப்பாளையம் வந்து கோத்தகிரி ஏறுவது உங்களுக்கு எளிது. சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கவேண்டும். 2024 மே 7 முதல் உங்கள் கொடைக்கானலுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் இருக்கும் அதே நடைமுறைதான். கோடைக் காலத்தில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பும் வைக்கிறார்கள் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. நாற்காலியைப் பழைய போர்வையில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறையில் சுற்றவேண்டாம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது ஒருபுறம், சமவெளி வெயிலில் உறைக்குள் வியர்த்து மெழுகு மெருகு வெளுத்துப்போகும் என்பது மறுபுறம்.

கடைசியாக, உங்களிடமுள்ள நன்றாக உலர்ந்த சில்வர் ஓக் பலகை ஒன்றை 30 செ.மீ. அகலத்தில் எடுத்து, பத்து செ.மீ. நீளத் துண்டுகளாகக் குறுக்கே அறுத்துக்கொண்டு போங்கள். எல்லாம் ஒரே மரத்தின் ஒரே பலகையிலிருந்து வந்தவையாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றின் அகலத்தையும் அரை மில்லிமீட்டர் வரை துல்லியமாக அளந்து, தேதியோடு எழுதுங்கள். கூடலூர், குன்னூர், கோத்தகிரி, உதகை, மேட்டுப்பாளையம் என்று ஊருக்கொருவராகத் தெரிந்தெடுத்துத் துண்டைக் கொடுத்து, பட்டறைக்குள் வெயில் படாத சுவரில் ஆணியில் மாட்டிவைத்து, மாதத்தின் முதல் தேதியில் அளந்து உங்களுக்கு எண்ணை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு துண்டு உங்கள் பட்டறையிலும் தொங்கட்டும். இரண்டு பருவமழையும் ஒரு கோடையும் கடந்தால், எந்த ஊருக்குச் செய்யும் இழுப்பறைக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதற்கு நம் மலைகளுக்கே உரிய அட்டவணை உங்கள் கையில் இருக்கும். குன்னூருக்கான துண்டை எனக்குக் கொடுங்கள். அளவைத் துண்டின் முதுகிலேயே பென்சிலால் எழுதிவரச் சொல்லுங்கள். தாளில் குறித்தால் பட்டறைத் தூளில் தொலைந்துவிடும்.